ரீபோர் செய்த என்ஜினின் முதல் ஆயிரம் கிலோமீட்டர்: ஆயில் குடிக்காமல் பழக்கும் முழு வழி

அப்பாவின் 1997 மாடல் மாருதி 800-க்கு ஒன்றரை வருட இடைவெளியில் இரண்டு முறை என்ஜின் வேலை பார்த்தோம். முதல் முறை ரீபோர் (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சற்றுப் பெரிதாக்குவது), புது பிஸ்டன், அதைச் சுற்றி மாட்டும் புது ரிங் செட், எல்லாமே நல்ல சாமான். வேலை முடிந்ததும் பட்டறையில் இரண்டு மணி நேரம் ஐடிலிலேயே ஓடவிட்டார்கள். சாவியைக் கொடுக்கும்போது, "ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் நாற்பதைத் தாண்டாதீங்க தம்பி, பூ மாதிரி ஓட்டுங்க" என்றார்கள். அப்படியே ஓட்டினோம். ஆயிரம் கிலோமீட்டர் முடிந்தபோது ஒரு லிட்டர் ஆயிலைக் காணவில்லை. அடுத்த ஆயிரத்திலும் ஒரு லிட்டர். காலையில் ஸ்டார்ட் செய்தால் பின்னால் நீலப் புகை.

கடைசியில் வேறொரு மெக்கானிக் அண்ணன் என்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிக் காட்டினார். மூன்று சிலிண்டரின் உட்சுவரும் கண்ணாடி மாதிரி மின்னியது. "பாருங்க தம்பி, ரிங் உட்காரவே இல்ல. உட்காரவிடாம ஓட்டியிருக்கீங்க" என்றார். சாமானில் குறை இல்லை, லேத் வேலையிலும் குறை இல்லை. பழக்கிய விதம்தான் தவறு. திரும்பவும் ஹோனிங் (கல்லால் சிலிண்டர் சுவரில் மெல்லிய கீறல் போடுவது), திரும்பவும் ரிங் செட், திரும்பவும் ஆள் கூலி. ரீபோருக்குக் காசு சேர்த்து வைத்திருக்கும் யாருக்கும் இந்தச் செலவு இரண்டாம் முறை வரக் கூடாது. அதற்காகத்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

மாருதி 800-ஐ வைத்தே சொல்கிறேன். 796 சிசி, மூன்று சிலிண்டர், 68.5 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 72 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்). நம் ஊர் லேத்களில் இதைத் தொடாதவர் குறைவு. அம்பாசடர், பழைய ஜீப், மற்ற பழைய பெட்ரோல் கார்கள் எதுவானாலும் அடிப்படை ஒன்றுதான்.

ரிங் "உட்காருவது" என்றால் என்ன

பிஸ்டன் ரிங் தன் சொந்த விறைப்பால் மட்டும் சுவரை அழுத்துகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அந்த அழுத்தம் மிகவும் சொற்பம். உண்மையில் வேலை செய்வது எரிந்த வாயுவின் அழுத்தம். பெட்ரோல் எரிந்து அழுத்தம் ஏறும்போது, அந்த வாயு டாப் ரிங்குக்கு மேலே உள்ள சிறு இடைவெளி வழியாக ரிங்கின் முதுகுப் பக்கம் புகுந்து, அதைச் சுவரோடு சேர்த்துத் தள்ளுகிறது. ஆக்சிலேட்டரை நன்றாக மிதித்தால் சிலிண்டருக்குள் 50 பார் அளவுக்கு அழுத்தம் ஏறும். ஐடிலில் அதில் ஒரு சிறு பங்குதான். ஆக, ரிங்கைச் சுவரோடு அழுத்தும் கை உங்கள் ஆக்சிலேட்டர் கால்தான்.

இனி சுவர். ஹோனிங் செய்த சிலிண்டரில் குறுக்கும் நெடுக்குமாகக் கோலம் போட்டது போல மெல்லிய கீறல்கள் தெரியும். அந்தக் கீறல்களுக்கு மேடும் உண்டு, பள்ளமும் உண்டு. பள்ளம் ஆயிலைப் பிடித்து வைக்கும். மேடுகள் அரம் போல ரிங்கின் முகத்தைத் தேய்க்கும், தானும் தேயும். இரண்டும் ஒன்றுக்கொன்று தேய்ந்து பொருந்தினால் ரிங் உட்கார்ந்துவிட்டது என்று பொருள். அந்த மேடுகளுக்கு ஆயுள் குறைவு. முதல் ஒன்றிரண்டு மணி நேர ஓட்டத்திலேயே பெரும்பகுதி மழுங்கிவிடும். அதற்குள் ரிங் நன்றாக அழுந்தித் தேய்ந்திருக்க வேண்டும்.

பூ மாதிரி ஓட்டினால் என்ன ஆகும்? ரிங் போதுமான அளவு அழுந்தாது. சுவரில் ஆயில் கனமாகத் தங்கும். எரியும் சூட்டில் அந்த ஆயில் கருகி, தோசைக் கல்லில் எண்ணெய் பிசுக்கு ஏறுவது போல, வார்னிஷாகி ஹோனிங் பள்ளங்களை அடைத்துவிடும். சுவர் வழவழப்பாகிவிட்டால் பிறகு எவ்வளவு ஓட்டினாலும் ரிங்கைத் தேய்க்க அங்கே மேடு இல்லை. இதைத்தான் கிளேஸ் பிடித்துவிட்டது என்கிறார்கள். ஐடிலில் இரண்டு மணி நேரம் விடுவது கிளேஸை விருந்துக்கு அழைப்பதற்குச் சமம்.

நாற்பதைத் தாண்டாதே என்ற அறிவுரை பொய்யாகப் பிறந்ததல்ல. அந்தக் காலத்தில் போர் வேலை கரடுமுரடாக இருந்தது, பேரிங்கின் அளவு துல்லியமாக இராது, ஆயிலும் சுமார்தான். அப்போது வேகமாக ஓட்டினால் பிஸ்டன் ஜாம் ஆகும் ஆபத்து நிஜமானது. இப்போது அளவு சரியாகப் பார்த்துச் செய்த வேலைக்கு அந்த மென்மை தேவையில்லை, கெடுதலும் கூட.

வண்டியில் ஏற்றும் முன்

பாதி வெற்றி லேத்திலும் கழுவுவதிலும் இருக்கிறது. மாருதிக்கு 0.25, 0.50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் கிடைக்கும். பிஸ்டனை முதலில் வாங்கி லேத்தில் கொடுங்கள். அந்தப் பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்துதான் போர் போட வேண்டும், டப்பாவில் எழுதிய அளவை நம்பி அல்ல. நம்மூரிலேயே சென்னை செம்பியத்தில் 1949-இல் தொடங்கிய இந்தியா பிஸ்டன்ஸ் போன்ற பழைய கம்பெனிகள் இருக்கின்றன. எந்தக் கம்பெனி சாமானானாலும் அளந்துதான் பார்க்க வேண்டும்.

போரிங் முடிந்து ஹோனிங் செய்யாமல் அனுப்பும் இடங்களும் உண்டு. வாங்கும்போதே வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். குறுக்குக் கோடுகள் இரு திசையிலும் சீராகத் தெரிய வேண்டும். வட்ட வட்டமாக மட்டும் கோடு தெரிந்தால் அது போரிங் தடம். திருப்பிக் கொடுங்கள்.

கழுவுவது. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஹோனிங் கல்லிலிருந்து உதிர்ந்த பொடி அந்தப் பள்ளங்களுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும். மண்ணெண்ணெய், டீசல், பெட்ரோல் எதில் கழுவினாலும் அது முழுதாகப் போகாது. வெந்நீரும் சோப்புப் பொடியும் நைலான் பிரஷும் வேண்டும். தேய்த்துக் கழுவி, துடைத்து, அப்புறம் ஒரு வெள்ளைத் துணியில் துளி ஆயில் தொட்டுச் சுவரைத் துடையுங்கள். துணி சாம்பல் நிறமானால் திரும்பவும் சோப்பு. துணி வெள்ளையாகவே வரும்வரை விடாதீர்கள். நாங்கள் இரண்டாம் முறை நான்கு தடவை கழுவினோம். கழுவியதும் உடனே ஆயில் தடவிவிடுங்கள், பத்து நிமிடம் விட்டாலே வார்ப்பிரும்பில் துரு பூத்துவிடும். பிளாக்கின் ஆயில் வழிகளிலும் மெல்லிய பிரஷ் விட்டு இதே போலக் கழுவ வேண்டும்.

ரிங் இடைவெளி: ஒவ்வொரு ரிங்கையும் அதன் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனைத் தலைகீழாக வைத்து நேராகத் தள்ளி, முனைகளுக்கு நடுவே ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். சாதாரணப் பெட்ரோல் என்ஜினுக்கு போர் அளவில் ஆயிரத்தில் மூன்றிலிருந்து நான்கு பங்கு என்பது பொதுக் கணக்கு. 69 மி.மீ. போருக்கு 0.2-க்கும் 0.3-க்கும் நடுவில் வரும். உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவல் வேறு எண் சொன்னால் அதுதான் கணக்கு. இடைவெளி குறைவாக இருந்தால் சூட்டில் முனைகள் முட்டி ரிங் உடையும். அது ஆயில் குடிப்பதைவிடப் பெரிய வினை.

ரிங்கில் எழுத்தோ புள்ளியோ இருக்கும் பக்கம் மேலே. இரண்டாவது ரிங்கைத் தலைகீழாகப் போட்டால் ஆயிலைக் கீழே வழிக்க வேண்டியது மேலே இறைத்துவிடும். ஆயில் குடிக்கும் பல புது என்ஜின்களுக்கு இதுவே காரணம். முனைகள் ஒரே கோட்டில் வராமல் சுற்றிலும் பிரித்து வையுங்கள்.

சிலிண்டர் சுவருக்கும் ரிங்குக்கும் மெல்லியதாக என்ஜின் ஆயில் போதும். கிரீஸோ, வழுக்கும் பேஸ்ட்டோ அங்கே தடவ வேண்டாம். கிராங்க் பேரிங்குக்கும் கேம் ஷாஃப்டுக்கும் மட்டும் அசெம்ப்ளி லூப் (பொருத்தும்போது தடவும் கெட்டியான மசகு) தாராளமாகத் தடவலாம்.

ஹெட்டைக் கழற்றியிருக்கும்போதே வால்வு சீலை (வால்வுத் தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுப்பது) மாற்றிவிடுங்கள், தண்டைப் பிடித்திருக்கும் கைடில் ஆட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ரிங்குக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டுப் பழைய சீலோடு ஹெட்டை மாட்டினால், பின்னால் வரும் புகைக்கு ரிங் மீது பழி விழும்.

எந்த ஆயில்

சாதாரண மினரல் ஆயில். மாருதிக்கு 20டபிள்யூ-40 அல்லது 15டபிள்யூ-40. விலை கூடிய முழு சிந்தெடிக்கை இப்போது ஊற்ற வேண்டாம். தேய வேண்டிய நேரத்தில் தேயவிடாமல் காப்பதற்கென்றே உரசல் குறைக்கும் பொருள்கள் சேர்த்த ஆயில்கள் உண்டு, அவை நமக்கு எதிரி. தனியாக டப்பாவில் விற்கும் ஆயில் ட்ரீட்மெண்ட்டும் வேண்டாம்.

வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டும் ராக்கரும் புதிதாகப் போட்டிருந்தால் இன்னொரு கணக்கு உண்டு. கேமின் மேல் ராக்கர் உரசி ஓடும் பழைய வகை என்ஜின்களுக்கு ஆயிலில் துத்தநாகம், பாஸ்பரஸ் கலந்த தேய்மானக் காப்பு தேவை. புதிய பெட்ரோல் கார்களின் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்காக ஏபிஐ எஸ்எம் என்ற ஆயில் தரத்திலிருந்து மெல்லிய ஆயில்களில் பாஸ்பரஸ் அளவைக் குறைத்துவிட்டார்கள். 20டபிள்யூ-40 போன்ற கனமான வகைகளுக்கு அந்தக் கட்டுப்பாடு அவ்வளவாக இல்லை என்பது நமக்கு வசதி.

முதல் ஸ்டார்ட்

ஆயில் ஃபில்டரில் முடிந்த அளவு ஆயில் ஊற்றிய பின் மாட்டுங்கள். ஸ்பார்க் பிளக் மூன்றையும் கழற்றி, காயில் வயரைப் பிடுங்கி, பத்துப் பதினைந்து நொடி செல்ஃப் அடியுங்கள். கொஞ்சம் ஆறவிட்டுத் திரும்ப அடியுங்கள். ஆயில் விளக்கு அணையும்வரை இதைச் செய்ய வேண்டும். பிளக் இல்லாததால் என்ஜின் லேசாகச் சுற்றும், பேரிங்குக்குப் பாரம் இல்லாமல் ஆயில் போய்ச் சேரும். எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பெட்ரோல் தெளிக்கும்) வண்டியென்றால் இன்ஜெக்டர் கனெக்டரையும் பிடுங்கிவிடுங்கள். இல்லையென்றால் சிலிண்டருக்குள் பெட்ரோல் தெளித்து, தடவிய ஆயிலைக் கழுவிவிடும்.

விளக்கு அணையவே இல்லையென்றால் பிளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்து பார்க்கலாம் என்ற யோசனைக்கே போகாதீர்கள். ஆயில் பம்ப், ஸ்ட்ரெய்னர் பக்கம் பாருங்கள்.

அப்புறம் டைமிங் சரியா, ரேடியேட்டரில் தண்ணீரும் கூலண்ட்டும் நிறைந்து காற்று வெளியேறியிருக்கிறதா, ஃபேன் வயர் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் ஏறியிருக்க வேண்டும். இவ்வளவும் எதற்கென்றால், அடித்ததும் ஸ்டார்ட் ஆக வேண்டும். சோக்கை இழுத்து வைத்துப் பத்து முறை செல்ஃப் அடித்தால் சுவர் காய்ந்துவிடும்.

ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாமல் 1500-க்கும் 2500-க்கும் நடுவே ஏற்றி இறக்கி வைத்திருங்கள். மாருதி 800-இல் பெரும்பாலும் ஆர்பிஎம் மீட்டர் கிடையாது, டேக்கோ கைவசம் இல்லாவிட்டால் காதால் பழக வேண்டியதுதான். கேம், ராக்கர் புதிதென்றால் இப்படி இருபது நிமிடம். ஐடில் வேகத்தில் கேமுக்குப் போதிய ஆயில் கிடைக்காது என்பதால் இந்த ஏற்றம். பழைய கேமே என்றால் இருபது நிமிடம் தேவையில்லை. சூடு ஏறி, ஃபேன் ஒருமுறை சுற்றி நின்று, எங்கும் ஒழுகல் இல்லை என்று உறுதியானதும் அணைத்துவிடுங்கள்.

பத்து நிமிடம் கழித்து ஆயில் குச்சியைப் பாருங்கள். ஃபில்டருக்குள்ளும் வழிகளுக்குள்ளும் போனதால் மட்டம் இறங்கியிருக்கும். அதை நிரப்பிக் கொள்ளுங்கள். இது என்ஜின் குடித்த கணக்கில் சேராது.

முதல் ஐம்பது கிலோமீட்டர்

எல்லாம் தீர்மானமாவது இங்கேதான். அதிகாலை ஐந்து மணிக்கு, வண்டி நடமாட்டம் குறைவான பைபாஸ் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கூட ஒருவர் இருந்தால் பின்னால் வரும் வண்டியைக் கவனித்துச் சொல்வார்.

முதல் ஐந்தாறு கிலோமீட்டர் சாதாரணமாக ஓட்டிச் சூடேற்றுங்கள். பிறகு மூன்றாவது கியரில் 30 கி.மீ. வேகத்தில் தொடங்கி, பாதி ஆக்சிலேட்டரில் 60 வரை இழுங்கள். 60 வந்ததும் காலை முழுதாக எடுத்துவிடுங்கள். கிளட்ச் மிதிக்க வேண்டாம், பிரேக் வேண்டாம், கியரிலேயே வண்டி தானாக 30-க்கு இறங்கட்டும். இதை மூன்று முறை செய்துவிட்டு, அடுத்த எட்டுப் பத்து முறை முக்கால் ஆக்சிலேட்டர் கொடுத்து இழுங்கள். நடுநடுவே ஒன்றிரண்டு கிலோமீட்டர் இலகுவாக ஓட்டி ஆறவிடுங்கள். டெம்பரேச்சர் முள் மேல் கண் இருக்கட்டும்.

இழுக்கும்போது வாயு அழுத்தம் ரிங்கைச் சுவரோடு தேய்க்கிறது. காலை எடுத்ததும் சிலிண்டருக்குள் வெற்றிடம் உண்டாகி, கீழிருந்து கொஞ்சம் ஆயிலை மேலே இழுக்கிறது. அந்த ஆயில் தேய்ந்த உலோகப் பொடியைக் கழுவிக்கொண்டு போகும், சூட்டையும் ஆற்றும். இழுப்பு பாதி வேலை, இறக்கம் மீதிப் பாதி. இறக்கத்தின்போது பின்னால் லேசாக நீலப் புகை வந்தால் இந்த முதல் நாளில் பயப்பட வேண்டாம்.

முக்கால் ஆக்சிலேட்டர் என்றால் என்ஜினைக் கத்த வைப்பது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நமக்கு வேண்டியது பாரம். சுற்று வேகம் நடுத்தரமாகவே இருக்கட்டும். அதேபோல நான்காவது கியரில் 30-இல் போய்க்கொண்டு ஆக்சிலேட்டரை அமுக்கி என்ஜினை முனக வைப்பதும் தவறு. அப்போது பேரிங்குக்குத்தான் அடி விழும்.

அன்றைக்கே, என்ஜின் சூடாக இருக்கும்போதே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். மூன்று லிட்டர் ஆயில்தானே, யோசிக்காதீர்கள். வடித்த ஆயிலை வெயிலில் பார்த்தால் மினுமினுவென்று பொடி தெரியும். அதில் பெரும்பகுதி ரிங்கும் சுவரும் உதிர்த்தது. ஃபில்டரை வெட்டிப் பிரித்துக் காகிதத்தில் விரலால் தடவிப் பாருங்கள். பொடி இருப்பது இயல்பு. செதில் செதிலாக வந்தால், அதுவும் செம்பு நிறத்தில் வந்தால், பேரிங் சொல்லும் செய்தி அது. ஓட்டுவதை நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

ஐம்பதிலிருந்து ஆயிரம் வரை

இனி அன்றாட ஓட்டம். ஒரே வேகத்தில் நெடுநேரம் போகாதீர்கள். நான்குவழிச் சாலையில் சென்னையிலிருந்து திருச்சிவரை எழுபதிலேயே ஆணி அடித்தது போல ஓட்டுவதைவிட, கிராமச் சாலையில் ஏறி இறங்கி, கியர் மாற்றி மாற்றிப் போவது நல்லது. ஆட்களை நிறைய ஏற்றி மலைக்குப் போகிற திட்டம் இருந்தால் தள்ளி வையுங்கள். எழுபது கொண்டை ஊசி வளைவுள்ள கொல்லிமலை அடுத்த மாதமும் அங்கேதான் இருக்கும். சிறு ஏற்றங்கள் நல்லது, ஒரு மணி நேரம் விடாமல் ஏறுவதுதான் கூடாது.

இறக்கத்தில் நியூட்ரல் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கியரில் இறங்குவது இப்போது ரிங்குக்கு மருந்து, பிரேக்குக்கும் பாதுகாப்பு. சிக்னலிலோ ரயில்வே கேட்டிலோ நெடுநேரம் நிற்க நேர்ந்தால் என்ஜினை அணைத்துவிடுங்கள்.

500-இல் மீண்டும் ஆயில், ஃபில்டர். டேப்பட் (வால்வு) இடைவெளி பார்த்து, மேனுவல் சொன்னால் ஹெட் போல்ட்டையும் முறுக்கு அளவில் சரிபாருங்கள். எல்லா கேஸ்கெட்டுக்கும் இது தேவைப்படாது. 1500-க்கோ 2000-க்கோ இன்னொரு ஆயில் மாற்றம், அப்புறம் வழக்கம் போல.

எவ்வளவு குடிக்கிறது என்று அளப்பது

"ஆயில் கொஞ்சம் குறையுது" என்ற பேச்சை வைத்து யாரும் எதையும் சொல்ல முடியாது. ஒரு நோட்டு போடுங்கள். ஒரே இடம், சமதரை, காலையில் ஸ்டார்ட் செய்யும் முன். குச்சியைத் துடைத்து, விட்டு, எடுத்துப் பாருங்கள். குறைந்திருந்தால் மேல் கோட்டுக்கு வரும்வரை ஊற்றுங்கள். ஊற்றிய அளவுதான் குடித்த அளவு. மருந்துக் கடையில் கிடைக்கும் 50 மில்லி சிரிஞ்சு இதற்கு அருமையான கருவி. எங்கள் நோட்டிலிருந்து, இரண்டாவது முறை வேலைக்குப் பிறகு: முதல் 500 கிலோமீட்டரில் 210 மில்லி, அடுத்த 500-இல் 90, பிறகு ஒரு முழு ஆயிரத்துக்கு 110, அதற்கடுத்த ஆயிரத்துக்கு 70. எண் இறங்கிக்கொண்டே வருகிறதா என்பதுதான் கேள்வி. முதல் எண் பெரிதாக இருப்பதில் கவலை இல்லை.

ஆயிலே குடிக்காத என்ஜின் இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 கி.மீ. வேகத்தில் 3000 சுற்று என்று வைத்தால், ஆயிரம் கிலோமீட்டருக்கு 30 லட்சம் சுற்று. மூன்று சிலிண்டருக்கும் சேர்த்து 90 லட்சம் முறை பிஸ்டன் கீழே இறங்குகிறது. ஒவ்வொரு இறக்கத்திலும் 155 சதுர செ.மீ. சுவரை ரிங் துடைக்கிறது. அத்தனைக்கும் சேர்த்து 100 மில்லிதான் எரிகிறது என்றால், ஒவ்வொரு துடைப்பிலும் ரிங் விட்டுவைத்து எரிந்தது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லாத படலம். இதைக் கணக்கிட்டுப் பார்த்த நாளிலிருந்து ரிங் மீது எனக்குத் தனி மரியாதை.

ஐரோப்பியக் கார்கள் சிலவற்றின் கையேடு ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரைகூட இயல்பு என்று சொல்லும். அது கம்பெனி தனக்கு வைத்துக்கொள்ளும் வரம்பு. சரியாகப் பழகிய ஒரு சின்ன என்ஜின் 3000 கிலோமீட்டருக்குப் பிறகும் ஆயிரத்துக்கு 200 மில்லிக்கு மேல் கேட்டால் நான் காரணம் தேட ஆரம்பிப்பேன்.

ஒரு ஏமாற்றையும் கவனியுங்கள். ஊருக்குள்ளேயே இரண்டு கிலோமீட்டர், மூன்று கிலோமீட்டர் என்று ஓட்டினால் எரியாத பெட்ரோல் ரிங்கைத் தாண்டி ஆயிலில் கலக்கும். ஆயில் எரிந்தாலும் மட்டம் குறையாதது போலத் தெரியும். ஒருநாள் வெளியூர் போய் நன்றாகச் சூடேறியதும் பெட்ரோல் ஆவியாகி, மட்டம் திடீரென்று இறங்கும். நேற்றுவரை நன்றாக இருந்ததே என்று பதறுவோம். குச்சியை மூக்கருகே வைத்தால் பெட்ரோல் வாசனையே சொல்லிவிடும். நெடுந்தூரம் ஓடிய பின் எடுத்த அளவை மட்டும் நம்புங்கள்.

எண் இறங்காவிட்டால்

பிரிக்கும் முன் சுற்றிப் பாருங்கள். வண்டி நிற்கும் இடத்தில் இரவில் அட்டை விரியுங்கள். பிரீதர் குழாய் அடைத்திருந்தால் கிராங்க் கேஸில் அழுத்தம் ஏறி ஆயிலை வெளியே தள்ளும். மேல் கோட்டைத் தாண்டி ஆயில் ஊற்றியிருந்தாலும் என்ஜின் அதைக் குடித்துத் தீர்க்கும்.

அடுத்து, புகை வரும் நேரம். இரவு முழுக்க நின்று காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் நீலப் புகை வந்து, ஒரு நிமிடத்தில் நின்றுவிட்டால் வால்வு சீல். நெடிய இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு, கீழே வந்து மிதிக்கும்போது குப்பென்று வந்தால் சீல் அல்லது கைடு. பாரத்தில் இழுக்கும்போது தொடர்ந்து வந்தால் ரிங். கறுப்புப் புகையென்றால் பெட்ரோல் அதிகம், ஆயிலுக்குத் தொடர்பில்லை. ஆனால் அதை உடனே சரிசெய்யுங்கள், அதிகப்படி பெட்ரோல் சுவரைக் கழுவிக்கொண்டே இருக்கும்.

பிளக் மூன்றையும் கழற்றி வரிசையாக வையுங்கள். ஒன்று மட்டும் ஆயிலில் நனைந்து கறுத்திருந்தால் அந்த ஒரு சிலிண்டரில்தான் கோளாறு. உடைந்த ரிங்கோ தலைகீழ் ரிங்கோ இருக்கலாம். மூன்றுமே ஒரே மாதிரி என்றால் கிளேஸ் அல்லது ஹோனிங் பிழை.

கம்ப்ரஷன் டெஸ்ட்டை (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தை அளப்பது) இரண்டு முறை எடுக்கச் சொல்லுங்கள். சூடான என்ஜினில், ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்து, முதலில் உலர்ந்த நிலையில். பிறகு ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு. இரண்டாம் முறை எண் நன்றாக ஏறினால் ரிங் அடைக்கவில்லை. ஏறாவிட்டால் வால்வு பக்கம். ஒரு சிலிண்டருக்கும் இன்னொன்றுக்கும் இடையே சதுர செ.மீ.க்கு ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: டாப் ரிங் நன்றாக அடைத்து, ஆயில் ரிங் மட்டும் மோசமாக இருந்தால் கம்ப்ரஷன் பிரமாதமாக வரும், ஆயிலும் போகும். அதனால் கம்ப்ரஷன் நன்றாக இருக்கிறது என்ற ஒன்றை வைத்து ரிங்குக்கு நற்சான்று கொடுத்துவிடாதீர்கள்.

கிளேஸ் என்று சந்தேகம் வந்து, இன்னும் 1000 கிலோமீட்டருக்குள் இருந்தால் ஒரு வாய்ப்பு உண்டு. மினரல் ஆயில் மாற்றி, முன்பு சொன்ன இழுப்பு–இறக்கத்தை இரண்டு மூன்று நாள் அதிகாலையில் செய்து பாருங்கள். சிலருக்குத் திரும்பியிருக்கிறது, எங்களுக்கு முதல் முறை திரும்பவில்லை. 2000 தாண்டியும் அப்படியே என்றால் ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும். நல்ல சேதி, இதற்கு மறுபடி ரீபோர் தேவைப்படாது. அளவு மாறாமல் லேசாக ஹோனிங் கொடுத்து, கழுவி, புது ரிங் போட்டால் போதும். பழைய ரிங்கையே திரும்பப் போட்டு மிச்சம் பிடிக்க வேண்டாம்.

ஷோரூமிலிருந்து வரும் புது வண்டிக்கு

அதற்கு இவ்வளவு வேண்டாம். தொழிற்சாலையிலேயே ஹோனிங் மேடுகளை மழுக்கி அனுப்புகிறார்கள், முதல் ஸ்டார்ட்டும் அங்கேயே முடிந்துவிடும். கையேடு சொல்லும் வேக வரம்பையும் ஆயில் மாற்றும் தூரத்தையும் பின்பற்றுங்கள். வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டுவது, நெடுநேர ஐடிலைத் தவிர்ப்பது, இந்த இரண்டும் அங்கேயும் பொருந்தும். டீசல் என்ஜினுக்கு ஐடில் இன்னும் கெடுதல். பாரமில்லாமல் ஓடும் டீசல் ஜெனரேட்டர்களில் கிளேஸ் பிடிப்பது தெரிந்த நோய்தான்.

சிந்தெடிக்குக்கு எப்போது மாறலாம்

நோட்டில் அடுத்தடுத்த இரண்டு ஆயிரங்களுக்கு ஒரே எண் வந்தால் ரிங் உட்கார்ந்துவிட்டது. எங்கள் வண்டியில் அது 4000 வாக்கில் நடந்தது, அதற்கு அடுத்த ஆயில் மாற்றத்தில் அரை சிந்தெடிக் ஊற்றினோம். சிரிஞ்சு இன்னும் டேஷ்போர்டில்தான் இருக்கிறது. மாதம் ஒருமுறை, ஞாயிறு காலையில், அப்பாதான் குச்சியைப் பார்த்து நோட்டில் எழுதுகிறார்.